மஞ்சளடிக்குது!

துருவி என்பது அவளுடைய பள்ளிக்கூடப் பெயர் இல்லை. எதையும் துருவித் துருவிக் கேட்பதால் வீட்டில் ஒட்டிக்கொண்ட பெயர். சமையலறையிலும் ஒரு துருவி இருந்தது. "அது தேங்காயை மட்டும்தான் துருவும். இது ஆளையே துருவும்" என்பார் அப்பா.

அந்த வாரம் ஐந்தாம் வகுப்புக்கு விடுமுறை. துருவி தன் அக்காவிடம் உதவியாளராகச் சேர்ந்துவிட்டாள். யாரும் சேர்க்கவில்லை, அவளாகவே சேர்ந்துகொண்டாள்.

அக்காவுக்கு அது சாதாரண வாரம் இல்லை. கல்லூரிப் படிப்பை முடித்த கையோடு, "நான் போட்டோகிராபர் ஆகப் போறேன்" என்று சொன்னவள் அவள். அப்பா திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடப் பதிலுக்குச் சண்டை போட்டிருக்கலாம். அவர் நிதானமாக ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"சரிம்மா. ஆனா, உன்னைத் தேடி யாரு வருவா?"

ஆறு மாதம் ஓடியது. யாரும் தேடி வரவில்லை. பக்கத்து வீட்டுக் குழந்தையின் பொக்கைவாய்ச் சிரிப்பையும் மொட்டைமாடிக் கொடியில் காயும் துணியையும் எத்தனை நாள்தான் படம் எடுப்பது? கடைசியில் பெரியப்பா ஒரு கூரியர் ஆபீஸில் சொல்லி வைத்தார். வரும் திங்கட்கிழமை அக்கா அங்கே வேலைக்குச் சேர வேண்டும்.

அந்த நேரம் பார்த்துத்தான் நூல்கடையிலிருந்து அழைப்பு வந்தது.

நூல்கடை இரண்டு தெரு தள்ளி இருந்தது. கடைக்காரர் நல்ல உருண்டை. அதனால் துருவி அவருக்கு 'நூல்கண்டு மாமா' என்று பெயர் வைத்திருந்தாள், மனசுக்குள் மட்டும். ஊரில் இருக்கும் தையல்காரர்கள் எல்லோரும் அவரிடம்தான் நூல் வாங்குவார்கள். எந்த நிறம் வேண்டும் என்று பார்க்க ஓர் அட்டை உண்டு. ஒவ்வொரு நிற நூலிலும் ஒரு துண்டு வெட்டி, அதில் ஒட்டி, பக்கத்தில் நம்பர் எழுதியிருக்கும். அதற்கு ஷேடு கார்டு என்று பெயர்.

"இந்தக் கார்டைத் தொட்டுத் தொட்டே எல்லாம் அழுக்காயிடுச்சும்மா" என்றார் மாமா. "நூத்தியிருபது நூலையும் அழகா படம் எடுத்துக் கொடு. போன்லயே எல்லா டெய்லருக்கும் அனுப்பிடறேன். நம்பரைச் சொன்னா நூல் வீட்டுக்கே போயிடும்."

அக்கா துள்ளிக் குதிக்காத குறை. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னாள்.

"இருநூறு டெய்லர் பாப்பாங்கப்பா. கடைசிப் பக்கத்துல என் போன் நம்பர் இருக்கும். ஒருத்தர்கூடவா என்னைத் தேடி வர மாட்டாங்க?"

"வந்தா சந்தோஷம்தான்" என்றார் அப்பா. "வரலைன்னா திங்கட்கிழமை கூரியர் ஆபீஸ். சரியா?"

"சரி" என்றாள் அக்கா.

முதல் தடவை, கடையிலேயே வைத்துப் படம் எடுத்தார்கள். மேலே டியூப்லைட், பக்கத்தில் மஞ்சள் பல்பு, வாசலில் வெயில். துருவி ஒவ்வொரு கண்டாக எடுத்து வைத்து நம்பரைப் படித்தாள். அக்கா கிளிக், கிளிக் என்று எடுத்துத் தள்ளினாள். அன்று மாலையே படங்களை மாமாவின் போனுக்கு அனுப்பியும்விட்டாள்.

பத்து நிமிடத்தில் அழைப்பு வந்தது.

"என்னம்மா இது? எல்லாம் மஞ்சளடிக்குது! கத்தரிப்பூ நூலைப் பாத்தா அரக்கு மாதிரி இருக்கு. மயில்கழுத்து இலைப்பச்சை ஆயிடுச்சு. வெள்ளை நூல் சந்தனம் பூசிக்கிட்டு உக்காந்திருக்கு!"

அக்கா தன் கணினியில் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அவர் சொன்னது சரிதான். நிறங்கள் கன்னாபின்னாவென்று இருந்தன. ஒரு சிவப்பு மங்கிப்போயிருந்தது, இன்னொரு சிவப்பு ஆரஞ்சாக மாறியிருந்தது.

"கேமராவுக்குக் கண்ணு சரியில்லையா?" என்று கேட்டாள் துருவி.

"கண்ணு நல்லாத்தான் இருக்கு. மூளைதான் அவசரக்குடுக்கை" என்றாள் அக்கா. "நான்தான் நிறத்தை நீயே பாத்துக்கோன்னு அதுகிட்ட விட்டுட்டேன். சிவப்பு நூலைக் கிட்டக்க காட்டினா, 'ஓகோ, இங்க வெளிச்சமே சிவப்பு போல'ன்னு நெனச்சு அதுவா சிவப்பைக் குறைச்சிடும். பச்சையைக் காட்டினா பச்சையைக் குறைக்கும்."

"அப்ப என்ன பண்றது?"

"முதல்ல அதுக்கு ஒரு வெள்ளையைக் காட்டணும். 'இதோ பாரு, இந்த வெளிச்சத்துல இதுதான் வெள்ளை'ன்னு சொல்லிக் கொடுத்துட்டா, மத்த நிறமெல்லாம் தானா சரியாயிடும்."

அக்கா போய் மன்னிப்புக் கேட்டு, நூல்கண்டுகளை ஒரு பெட்டியில் வாங்கி வந்தாள். மறுநாள் காலை ஜன்னல் ஓரம் மேசையைப் போட்டார்கள். மின்விளக்கை எல்லாம் அணைத்தார்கள். துருவி ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துக்கொண்டு நிற்க, அக்கா முதலில் அதைப் படம் எடுத்துக் கேமராவுக்கு வெள்ளையைச் சொல்லிக் கொடுத்தாள். பிறகு ஒன்றாம் நம்பர் வெள்ளையில் ஆரம்பித்து நூற்றிருபதாம் நம்பர் கறுப்பு வரைக்கும் நிதானமாக எடுத்தாள்.

எடுத்து முடித்ததும் ஒரு சோதனை. கணினித் திரையில் தெரியும் படத்துக்குப் பக்கத்தில் துருவி நிஜ நூலைப் பிடிப்பாள். இரண்டும் ஒன்றாக இருந்தால், "ஜோடி!" என்று கத்துவாள். நூற்றிருபது தடவை கத்தினாள். அம்மா இரண்டு முறை வந்து யாருக்கு என்ன ஆயிற்று என்று பார்த்துவிட்டுப் போனாள்.

படங்கள் போயின. அழைப்பு வந்தது.

"முன்னைக்கு இப்ப பரவாயில்லம்மா. ஆனா இன்னும் மஞ்சளடிக்குதே!"

அக்காவின் முகம் விழுந்துவிட்டது. புதிதாக வேறொரு வெள்ளைத் தாள் வாங்கி, மறுநாள் மறுபடியும் நூற்றிருபதையும் எடுத்தாள். மறுபடியும் ஜோடி, ஜோடி, ஜோடி. துருவிக்குத் தொண்டை கட்டிக்கொண்டது.

"அதே மஞ்சள்தாம்மா" என்றார் மாமா. "முப்பது வருஷமா நூல் பாத்த கண்ணு இது. ஏமாத்த முடியாது. நாளைக்குச் சரியா வரலைன்னா விட்டுடு, நான் வேற ஆளைப் பாத்துக்கறேன்."

அக்கா போனை வைத்துவிட்டுப் படங்களை மறுபடியும் திறந்து பார்த்தாள்.

"ஆனா ஜோடியாத்தானே இருக்கு?" என்றாள் துருவி, கட்டிய தொண்டையோடு.

"உனக்கும் எனக்கும் அப்படித் தெரியுது. முதல் தடவை அவர் சொன்னதுதானே சரியா இருந்துச்சு? இப்பவும் அவர் சொல்றதுதான் சரியா இருக்கும். எனக்கு என் கண்ணு மேலயே நம்பிக்கை போயிடுச்சு துருவி."

கேள்வி எதுவும் வராமல் துருவி உட்கார்ந்திருந்தது அன்றைக்குத்தான்.

வெள்ளிக்கிழமை அக்கா கேமராவைத் தொடவே இல்லை. கணினியில் ஒரு கோடு இருந்தது. அதிலுள்ள புள்ளியை வலப்பக்கம் தள்ளினால் படம் மஞ்சளாகும், இடப்பக்கம் தள்ளினால் நீலமாகும். அக்கா இடப்பக்கம் தள்ளினாள். ஒரு படத்தை அனுப்பினாள். "இன்னும் கொஞ்சம்" என்றார் மாமா. இன்னும் தள்ளினாள். "இன்னும்." இன்னும் தள்ளினாள்.

"ஆங்! இதான், இதான்! இப்பதான் அச்சு அசலா நூல் மாதிரியே இருக்கு. எல்லாத்தையும் இப்படியே பண்ணி அனுப்பிடும்மா. நாளைக்குக் காலையில பத்து மணிக்கு எல்லா டெய்லருக்கும் போட்டு விட்டுடறேன்!"

அக்கா நூற்றிருபது படங்களையும் அப்படியே மாற்றி அனுப்பினாள். வேலை முடிந்தது. ஆனால் அவள் முகத்தில் ஒரு சந்தோஷமும் இல்லை.

துருவி கணினியை எட்டிப் பார்த்தாள். வெள்ளை நூல், நீலம் அதிகமாகப் போட்டு அலசிய சட்டை மாதிரி இருந்தது. அரக்கு இருந்த இடத்தில் கத்தரிப்பூ. சந்தனம் என்ற ஒரு நிறமே காணோம்.

"அக்கா, இது தப்பாச்சே!"

"அவர் கேட்டது இதுதான்."

"அரக்கு வேணும்ங்கிற டெய்லர் இதைப் பாத்து எந்த நம்பரைச் சொல்லுவாங்க? கத்தரிப்பூ வேணும்னு நெனச்சு வாங்கினா அரக்கு வந்துடுமே? அப்ப அவங்க..."

"துருவாதே!" என்று அக்கா சத்தம் போட்டாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "எனக்கு இருந்தது ஒரே ஒரு வாரம். அவருக்குப் பிடிச்சிருக்கு. விட்டுடு."

அவள் கண் கலங்கியதைத் துருவி பார்த்துவிட்டாள். அதனால் விட்டுவிட்டாள். அதாவது, வாயைத்தான் மூடிக்கொண்டாள். மனசு துருவிக்கொண்டே இருந்தது.

சனிக்கிழமை காலை நூல் பெட்டியைக் கடையில் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. அக்காவுக்கு மாமாவின் முகத்தில் விழிக்கவே பிடிக்கவில்லை.

"நீ போய்க் கொடுத்துட்டு வந்துடு. வேற எதுவும் பேசாதே" என்றாள்.

துருவி பெட்டியைச் சுமந்துகொண்டு போனபோது மணி பத்தாகப் பத்து நிமிடம் இருந்தது. கடையில் நல்ல கூட்டம். நாலைந்து தையல்காரர்கள், பட்டன் பொறுக்கிக்கொண்டிருந்த ஓர் அம்மா, ஏணி மேல் நின்ற கடை அண்ணன் ஒருவர். நடுவில் மாமா, கல்யாண வீட்டு மாப்பிள்ளை மாதிரி பூரித்துப்போய் உட்கார்ந்திருந்தார்.

"வாடா தங்கம்! உங்கக்கா ஜெயிச்சுட்டா! ஆனா சும்மா இல்ல. நான் விடலையே! மூணு தடவை திருப்பி அனுப்பினேன். முப்பது வருஷக் கண்ணு இல்லையா?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு, போனை அவள் பக்கம் திருப்பினார். "பாரு, எப்படி இருக்குன்னு!"

துருவி பார்த்தாள். அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

படங்கள் சரியாக இருந்தன! வெள்ளை வெள்ளையாக இருந்தது, அரக்கு அரக்காக இருந்தது. நேற்று வீட்டில் நீலமாகப் பார்த்த அதே படங்கள்தான். இங்கே எப்படிச் சரியாகத் தெரிகின்றன?

"வேற படம் ஏதாவது காட்டுங்களேன் மாமா."

"வேறயா? இதோ, எங்க வீட்டுப் பூனை" என்று ஒரு படத்தைத் தள்ளிக் காட்டினார். பூனை மஞ்சளாக இருந்தது. மஞ்சள் பூனை இருக்கலாம். ஆனால் அதன் பால் கிண்ணத்தில் இருந்த பாலும் மஞ்சளாக இருந்தது. அது உட்கார்ந்திருந்த வெள்ளை டைல்ஸ் தரையும் மஞ்சள். திரையின் மேலே, நேரம் காட்டும் எழுத்துகளுக்குப் பின்னால் வெள்ளையாக இருக்க வேண்டிய பட்டைகூட மஞ்சள்தான்.

துருவிக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது. மஞ்சள் படத்தில் இல்லை. போனில் இருக்கிறது!

"மாமா..." என்று ஆரம்பித்தாள். வாய்வரை வந்துவிட்டது. அப்படியே நிறுத்திக்கொண்டாள்.

போன மாதம் அவள் சட்டையை உள்வெளியாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போய்விட்டாள். அதை ஒரு பையன் வகுப்பே கேட்கும்படி கத்திச் சொன்னான். அவன் சொன்னது உண்மைதான். ஆனாலும் அன்று முழுக்க அவள் காது சுட்டுக்கொண்டே இருந்தது. இங்கே மாமா இத்தனை பேர் நடுவில் தன் கண்ணைப் பற்றிப் பெருமை பேசி முடித்து ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

ஆனால் காத்திருக்கவும் முடியாது. மாமா கடிகாரத்தைப் பார்த்தார். "பத்தாகப் போகுது, அனுப்பிடலாம்" என்று விரலைத் தூக்கினார்.

"மாமா! ஒரு நிமிஷம்! உங்ககிட்ட தனியா ஒண்ணு கேக்கணும்."

மாமா குனிந்து ரகசியக் குரலில் கேட்டார். "பாத்ரூமா? பின்பக்கம் நேராப் போ."

"அது இல்ல மாமா. நீங்க கொஞ்சம் வாசலுக்கு வாங்க. போனையும் எடுத்துட்டு வாங்க."

மாமா குழப்பத்தோடு எழுந்து வந்தார். வாசலில் நல்ல வெளிச்சம் இருந்தது. துருவி பெட்டியிலிருந்து ஒன்றாம் நம்பர் நூலை எடுத்தாள். போனில் அக்காவின் செய்திகள் இருந்த பக்கத்தைத் திறக்கச் சொன்னாள். எழுத்துகளுக்குப் பின்னால் வெறும் வெள்ளையாக இருக்க வேண்டிய இடம். அதன்மேல் நூல்கண்டை வைத்தாள்.

"நூல் பாத்த கண்ணு உங்களுதுதானே மாமா? நீங்களே சொல்லுங்க. இதுல எது வெள்ளை?"

மாமா பார்த்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். இறக்கிவிட்டுப் பார்த்தார்.

"நூல்தான் வெள்ளை" என்றார் மெதுவாக. "போன்ல இருக்கிறது... சந்தனம்."

"ஆமா மாமா. உங்க கண்ணு தப்பே பண்ணலை. மஞ்சளடிக்குது, மஞ்சளடிக்குதுன்னு நீங்க சொன்னது நிஜம்தான். போன்தான் மஞ்சக் கண்ணாடி போட்டுட்டு இருக்கு."

"மஞ்சக் கண்ணாடியா?"

துருவி திரையை மேலிருந்து கீழே இழுத்தாள். அங்கே ஒரு சின்னக் கண் படம் எரிந்துகொண்டிருந்தது. கீழே 'கண் பாதுகாப்பு' என்று இருந்தது. அம்மாவின் போனிலும் அது உண்டு. கண் கூசாமல் இருக்கத் திரையை மஞ்சளாக்கும்.

மாமா நெற்றியில் அடித்துக்கொண்டார். "ரெண்டு மாசம் முன்னாடி கண்ணு எரியுதுன்னு சொன்னேன். என் மருமக எதையோ அமுக்கிக் கொடுத்தா. கண்ணு எரியறது நின்னுது, நானும் மறந்துட்டேன்!"

அவரே அந்தக் கண்ணை விரலால் தொட்டு அணைத்தார். திரை பளிச்சென்று வெளுத்தது. பூனை சாம்பல் நிறமானது. அடுத்து நூல் படங்களைத் திறந்தார்.

எல்லாம் நீலம்.

"ஐயையோ" என்றார் மாமா. "இதையா இருநூறு பேருக்கு அனுப்ப இருந்தேன்? என் மானமே போயிருக்குமே!" பிறகு துருவியைப் பார்த்தார். "ஏன்டா தங்கம், இது நீலமா இருக்குன்னு உங்கக்காவுக்குத் தெரியுமா?"

தெரியாது என்று சொன்னால் அக்கா தப்பித்துவிடுவாள். தெரியும் என்று சொன்னால் அக்காவைக் காட்டிக் கொடுத்தது ஆகிவிடும்.

"அதை அக்காதான் மாமா சொல்லணும். கூப்பிடட்டுமா?"

அக்கா ஐந்து நிமிடத்தில் வந்து நின்றாள். தோளில் கணினிப் பை, காலில் அப்பாவின் செருப்பு. அவசரத்தில் மாற்றிப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். மாமா நடந்ததைச் சொன்னார். அக்கா துருவியை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு மாமாவைப் பார்த்தாள்.

"தெரியும் மாமா" என்றாள். "நீலமா ஆயிடுச்சுன்னு தெரிஞ்சேதான் அனுப்பினேன். ரெண்டாவது தடவை எடுத்ததே சரியா இருந்துச்சு. ஆனா நீங்க வேண்டாம்னு சொல்லிடுவீங்கன்னு பயந்துட்டேன்."

"பயமா? என்னைப் பாத்தா?" மாமா ஏணி மேல் இருந்த அண்ணனைத் திரும்பிப் பார்த்தார். "ஏம்ப்பா, இந்தக் கடையில யாராவது எனக்குப் பயப்படறாங்களா?"

"எலிகூடப் பயப்படறதில்லைங்க" என்றார் அண்ணன் மேலிருந்து.

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும் வந்தது. இரண்டையும் புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

"எனக்கும் கோபம் இருக்கும்மா" என்றார் மாமா. "தப்புன்னு தெரிஞ்சா, 'தப்பு மாமா'ன்னு ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா? சரி, அந்த ரெண்டாவது தடவை எடுத்ததைக் காட்டு. இப்ப ஒவ்வொண்ணா பாத்துடுவோம்."

வாசல் படியில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். அக்கா கணினியைத் திறந்தாள். துருவி நூலை எடுத்துக் கொடுக்க, மாமா படத்தையும் நூலையும் மாற்றி மாற்றிப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே வந்தார். எழுபதாம் நம்பர் வரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. எழுபத்தொன்று வந்ததும் நிறுத்தினார்.

"இது மட்டும் இடிக்குதே. நூல் அரக்கு. படம் செங்கல் மாதிரி இல்ல?"

துருவி அக்காவைப் பார்த்தாள். அக்காவின் விரல் அந்தக் கோட்டுப் புள்ளி பக்கம் போனது. பாதி வழியில் நின்றது. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இல்ல மாமா. படம் சரியாத்தான் இருக்கு" என்றாள். "நூல் உங்க நிழல்ல இருக்கு. கொஞ்சம் வெளிச்சத்துல காட்டுங்க."

மாமா கையை நீட்டி நூலை வெளிச்சத்தில் பிடித்தார். படத்தைப் பார்த்தார். நூலைப் பார்த்தார்.

"அட!" என்றார். பிறகு அக்காவை, ஏதோ இப்போதுதான் முதன்முதலாகப் பார்ப்பவர் போலப் பார்த்தார். "சரி சரி. எழுபத்திரண்டை எடு."

பதினோரு மணிக்கு நூற்றிருபது படங்களும் இருநூறு தையல்காரர்களுக்குப் போயின. கடைக்குள்ளேயே நாலைந்து போன்கள் டிங் டிங் என்றன. அதில் ஒன்று, பட்டன் பொறுக்கிக்கொண்டிருந்த அம்மாவுடையது. அவரும் தையல்காரர்தான். பையிலிருந்து ஒரு துணியை எடுத்து மேசைமேல் விரித்தார். குழந்தைக்குக் கவுன் தைக்க வெட்டிய துணி, மயில்கழுத்து நிறம். போனைத் துணிக்குப் பக்கத்தில் வைத்துப் படங்களைத் தள்ளிக்கொண்டே போனார்.

"எண்பத்தாறு கொடுங்க."

"நூலைப் பாக்காமலேயா? பாத்துட்டே வாங்குங்களேன்" என்றார் மாமா.

"அதான் படம் அனுப்பிட்டீங்களே. படத்தை நம்பலாமா கூடாதான்னு எனக்கும் தெரிய வேண்டாமா?"

எண்பத்தாறாம் நம்பர் கண்டு வந்தது. அந்த அம்மா அரை முழம் நூலை உருவி, பல்லால் கடித்து அறுத்தார். துணியின்மேல் நீளமாகப் போட்டுக் கட்டைவிரலால் நீவிவிட்டார்.

"பொருத்தமான நூலா இருந்தா துணிக்குள்ள போய் ஒளிஞ்சுக்கும். பொருந்தலைன்னா கோடு போட்ட மாதிரி தனியாத் தெரியும்" என்று துருவியிடம் சொன்னார். "உனக்குத்தான் சின்ன வயசுக் கண்ணு. எங்க இருக்குன்னு கண்டுபிடி பாக்கலாம்."

துருவி குனிந்து பார்த்தாள். மூக்கு துணியில் படுகிற அளவுக்குக் குனிந்து பார்த்தாள். "இப்பதானே போட்டீங்க? எங்க போச்சு?"

அந்த அம்மா வாய்விட்டுச் சிரித்தார். பிறகு போனில் கடைசிப் பக்கத்தைத் தள்ளிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "இதை எடுத்தது யாரு? நீயாம்மா? நான் தைக்கிற கவுனையெல்லாம் போன்ல எடுத்தா எந்த நிறமும் அந்த நிறமா வர மாட்டேங்குது. வாங்கறவங்க சண்டைக்கு வர்றாங்க. திங்கட்கிழமை என் கடைக்கு வர முடியுமா?"

திங்கட்கிழமை என்றதும் துருவிக்குக் கூரியர் ஆபீஸ் ஞாபகம் வந்தது.

"வர்றேங்க" என்றாள் அக்கா. "அப்பாகிட்ட நானே பேசிக்கறேன்" என்று துருவி பக்கம் திரும்பாமலே சொன்னாள். திரும்ப அக்காவுக்கு நேரமில்லை. துணிமேல் குனிந்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, அந்த நூலைத்தான் தேடிக்கொண்டிருந்தாள். கடைசிவரை அது அவள் கண்ணுக்கு அகப்படவே இல்லை.